எதில் எடை?

“யாருப்பா நீ?” என்று கணினித் திரையைப் பார்த்துக் கேட்கிறார் அக்கா. பதில் வராது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு சாண் முன்னால் குனிந்து, மறுபடி கேட்கிறார். “எக்ஸா? உங்கப்பன் உனக்கு வெச்ச பேரு எக்ஸா? பெத்த புள்ளைக்கு இப்படித்தான் பேர் வெப்பானா அவன்?” அதன்பின் விசைப்பலகையில் படபடவென்று ஒரு சத்தம். எக்ஸ் போய்விடும். அந்த இடத்தில் ‘நோயாளி_எடை_கிலோ’ என்றோ ‘மருந்து_அளவு_மில்லிகிராம்’ என்றோ நீளமாக ஒன்று வந்து உட்காரும். எழுதுவது ஆங்கில எழுத்தில்தான். திட்டுவது மட்டும் சுத்தத் தமிழ்.

அக்கா என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் கூப்பிடுகிறோம். நாற்பத்தேழு வயது. குட்டையான உருவம், நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது என்பதால் கீழே பழைய அச்சுப்பொறி ஒன்றைப் போட்டு அதன்மேல் பாதத்தை வைத்துக்கொள்வார். பக்கத்தில் எவர்சில்வர் ஃபிளாஸ்கில் வெந்நீர். தேநீரும் குடிப்பதில்லை, காபியும் குடிப்பதில்லை. “ஏற்கெனவே கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், எதுக்கு வேற?” என்பார்.

எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறது. நரம்பு வழியாக மருந்தைச் சிறுகச் சிறுக ஏற்றும் பம்புகள் உண்டல்லவா, அவை மணிக்கு எத்தனை மில்லி ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள். செவிலி நோயாளியின் எடையையும் மருந்தின் பெயரையும் உள்ளிடுவார். திரை வேகத்தைக் காட்டும். அந்தக் கணக்குப் பகுதி முழுக்க அக்காவுடையது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் எழுதியது. நான் அவருக்கு அடுத்த இருக்கை. கணக்கெல்லாம் எனக்கு வராது. கையேடு, அறிக்கை, கடிதம் இவற்றை எழுதுவது என் வேலை. அதனால்தான் இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. பெருமைப்படுகிற பங்கு அல்ல.

அக்காவின் கோபத்துக்கு ஒரு இலக்கணம் உண்டு. சாதாரண எரிச்சல் என்றால் சத்தம் வரும். நிஜமான கோபம் என்றால் சத்தம் நின்றுவிடும், மரியாதை கூடிவிடும். என்னைத் ‘தம்பி, வா, போ’ என்றுதான் பேசுவார். ஒரு நாள் ‘நீங்க’ என்றார். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் பழைமையைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதுவரை ஆறு மென்பொருள் தளங்களில், ஒவ்வொன்றிலும் ஒரு கணினி மொழியில், வேலை பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவை மாறும்போதும் ஒரு நோட்டு போடுவார். இடப்பக்கம் ‘அங்கே’, வலப்பக்கம் ‘இங்கே’. அங்கே வரிசை ஒன்றில் தொடங்கும், இங்கே சுழியத்தில். அங்கே முதல் மாதத்துக்கு எண் ஒன்று, இங்கே சுழியம். அங்கே இரண்டரையை முழு எண்ணாக்கினால் மூன்று, இங்கே இரண்டு. அங்கே பெரிய எழுத்தில் எழுதினாலும் சின்ன எழுத்தில் எழுதினாலும் ஒரே ஆள். இங்கே இரண்டு பேரும் முகம் தெரியாத அந்நியர்கள். “மொழி மாறுறது பிரச்சினை இல்ல தம்பி. மாறுனது தெரியாம பழைய பழக்கத்துலயே நடக்கிறான் பாரு, அவன்தான் குழியில விழுவான்.” அந்த நோட்டுகள் சேர்ந்து முப்பத்திரண்டு பக்கக் கையேடாகி, எங்கள் பொதுக் கோப்புறையில் இருக்கின்றன. வேறு தளத்திலிருந்து வந்து சேர்கிற யாரும் முதல் வாரத்தில் அதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். மூன்றாவது வாரத்தில் சத்தமில்லாமல் அச்செடுத்து வைத்திருப்பார்கள்.

கையேட்டோடு ஒரு கருவியும் செய்தார். யார் எதை எழுதினாலும், எல்லோருடைய நிரலும் சேர்ந்திருக்கும் பொதுக் கிடங்குக்குள் அது போகுமுன் இந்தக் கருவி படித்துப் பார்க்கும். மருந்து, எடை, நேரம் சம்பந்தமான எந்தப் பெயருக்கும் வாலில் அலகு இருக்க வேண்டும். கிலோவா கிராமா, நிமிடமா மணியா என்று இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடும். ‘இது எதில்?’ என்று ஒரே ஒரு கேள்வி திரையில் வரும். என்ன செய்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிறது என்று பையன்கள் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “மாமியார் உள்ள விடமாட்டேங்குது” என்று ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது கேட்கும். அக்காவின் நிஜமான மாமியார் அவரோடுதான் இருக்கிறார். வாய் திறந்து அதிர ஒரு வார்த்தை பேசாத மனுஷி. விஷயத்தைக் கேள்விப்பட்டு, “அது என்ன பாவம் பண்ணுச்சு, அதுக்கு என் பேரு?” என்று கேட்டாராம். மின்தூக்கி பழுது பார்க்கும் வேலையில் இருக்கும் அவர் மகன், அதாவது அக்காவின் கணவர், இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர்கள் வீட்டுச் சமையலறையில் டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டியிருக்கும். ‘உப்பு’ என்று ஒரு சீட்டில்கூட இருக்காது. ‘கல் உப்பு’, ‘பொடி உப்பு’.

போன வருடம் எங்கள் பழைய தளத்துக்கு ஆயுள் முடிந்தது. அதைத் தயாரித்தவர்களே இனிமேல் பராமரிக்கமாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். புதிய தளத்துக்குப் போயாக வேண்டும். அக்கா ஒன்றரை வருடம் கேட்டார். எங்கள் மேலாளர் ஒரு மாற்றுக் கருவி வாங்கிவந்தார். பழைய நிரலை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் புதிய தளத்துக்கான நிரலாக வரும். நான்கு லட்சம் வரி, இரண்டு நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் காலை கேக் வெட்டினார்கள்.

அக்கா கேக்கைத் தொடாமல் நிரலைத் திறந்து பார்த்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “யாருப்பா நீ?” என்று கேட்கவில்லை. வாயே திறக்கவில்லை.

புதிய தளத்தில் பெயர் எழுதுகிற வழக்கம் வேறு. அங்கே அடிக்கோடு போட்டு வால் வைப்பது கூடாது. அசிங்கம் என்று நினைக்கிறார்கள். அது அவர்கள் ஊர் வழக்கம், அதில் தப்பு இல்லை. ஆனால் மாற்றுக் கருவி அந்த வழக்கத்துக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, கடைசி அடிக்கோட்டுக்குப் பிறகு இருந்ததையெல்லாம் வெட்டி எறிந்திருந்தது. ‘எடை_கிலோ’ என்பது ‘எடை’ ஆகியிருந்தது. ‘எடை_கிராம்’ என்பதும் ‘எடை’ ஆகவேண்டும். ஒரே பெயர் இரண்டு இருக்கக் கூடாதே என்று அதை ‘எடை2’ ஆக்கியிருந்தது. நிரல் ஓடியது. விடை சரியாகவே வந்தது. எதில் என்பது மட்டும் உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போயிருந்தது.

மாமியாரை அதன்மேல் ஏவினார் அக்கா. பதினோராயிரத்துச் சொச்சம் குற்றங்கள். மேலாளரிடம் போய்ச் சொன்னார். மேலாளர் நல்ல மாதிரி. யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். எந்தக் கெட்ட செய்தியையும் புன்னகையோடு கேட்டு, கேட்காத மாதிரியே அனுப்பிவிடுவார்.

“மேடம், கணக்கு சரியா வருதா இல்லையா?”

“இன்னிக்கு வருது சார். நாளைக்கு ஒருத்தன் இதத் தொடுவான். எடை, எடை ரெண்டுன்னு இருந்தா அவனுக்கு என்ன புரியும்?”

“பேருதான மேடம்? மெதுவா மாத்திக்கலாம். மொதல்ல வெளியே அனுப்புவோம்.”

“பேருதானங்கிறீங்க. மருந்துப் பாட்டில்ல இருக்கறதும் பேருதான். சீட்டக் கிழிச்சிட்டு அலமாரியில அடுக்கலாமா?”

புன்னகை மாறவில்லை. மறுநாள் காலை, மாமியாரை நிறுத்திவைக்கச் சொல்லி எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. பதினோராயிரம் குற்றம் சொல்லுகிற கருவி இருந்தால் வேலை நடக்காது என்பது காரணம். அக்கா உடனே பதில் எழுதினார். இரண்டே வரி. ‘இதை நான் எதிர்க்கிறேன். இந்த மடலை யாரும் அழிக்க வேண்டாம்.’ அப்புறம் வெந்நீர் குடித்தார்.

புதிய தளத்தில் பத்து வருடம் பழக்கமுள்ள ஒரு பொறியாளரை அந்தச் சமயத்தில் எடுத்தார்கள். நரைத்த மீசை, அமைதியான மனிதர். அலுவலகத்துக்குப் புதிது என்பதால் அவருக்குப் பெயர் ‘மாப்பிள்ளை’. மாமியாரை ஓரம் கட்டிய பிறகு வந்த மாப்பிள்ளை, கொடுத்துவைத்தவர் என்று பையன்கள் கேலி செய்வார்கள். அவருக்கு இட்ட வேலை, கருவி துப்பிய நிரலைச் சுத்தம் செய்வது. செய்தார். ஒழுங்காகத்தான் செய்தார். ஓரிடத்தில் ‘எடை’, ‘எடை2’ என்று இரண்டைப் பார்த்தார். கருவி தவறுதலாக ஒன்றையே இரண்டாக்கியிருக்கிறது என்று எண்ணி, இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினார். கேட்க வேண்டிய கருவி வாசலில் இல்லை.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மட்டும் எடையைக் கிராமில் உள்ளிட வேண்டும். அந்த ‘எடை2’தான் கிராம். சேர்த்ததும், கிராமில் வருகிற எண்ணை மென்பொருள் கிலோ என்று எடுத்துக்கொண்டது. ஆயிரம் மடங்கு. அப்படி வந்தால் திரையில் ஏதாவது பயங்கரமான எண் தெரிந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். தெரியாது. பாதுகாப்புக்காக ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு மேல்வரம்பு இருக்கிறது; கணக்கு அதைத் தாண்டினால் வரம்பிலேயே நின்றுவிடும். ஆகவே திரையில் வந்தது சாதுவான ஒரு எண். ஐந்து.

முதன்முதலாக அனுப்பிய மருத்துவமனையில், மூன்றாம் வாரம், குழந்தைகள் பிரிவில் அது நடந்தது. ஆயிரத்து எண்ணூற்றைம்பது கிராம் எடையுள்ள ஒரு பெண்குழந்தை. மணிக்கு ஏறியிருக்க வேண்டியது அரை மில்லியைவிடக் கொஞ்சம் கூட. திரை ஐந்து என்றது. பணியிலிருந்த செவிலி பம்பை ஓடவிட்டார். அடுத்த தொட்டிலுக்குப் போனவருக்கு மனது கேட்கவில்லை. திரும்பிவந்து கையுறைப் பெட்டியின் அட்டையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். பம்பை நிறுத்தினார். மருத்துவரைத் தானே கூப்பிட்டார். எத்தனை நிமிடம் ஓடியது என்பதையும் தானே எழுதிவைத்தார்: ஏழு. குழந்தையை மூன்று நாள் கண்ணை எடுக்காமல் கவனித்தார்கள். தப்பித்துக்கொண்டது. இப்போது வீட்டில் நலம்.

புகார் எங்களுக்கு வந்தது. மேலாளர் ஒரு கூட்டம் போட்டார், அக்காவைக் கூப்பிடவில்லை. மென்பொருளின் பதிவில் ‘எடை: 1850’ என்று இருந்தது. திரையில் அந்தக் கட்டத்துக்கு மேலும் ‘எடை’ என்று மட்டுமே இருந்தது. அங்கேயும் வால் போயிருந்தது. “ஒண்ணு புள்ளி எட்டு அஞ்சுன்னு போடணும். அவங்க ஆயிரத்து எண்ணூத்தி அம்பதுன்னு போட்டிருக்காங்க. இது யூசர் மிஸ்டேக்” என்றார் மேலாளர். என்னைப் பார்த்து, “அழகா எழுதிடுங்க” என்றார்.

அழகாக எழுதினேன். ‘உள்ளீட்டின்போது நேர்ந்த அலகுக் குழப்பம்’ என்று ஒரு தொடர் எனக்கு வாய்த்தது. வாய்த்ததும் உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. முன்னறிக்கை என்று மருத்துவமனைக்கு அன்றே ஒரு பிரதி போனது. முறையான அறிக்கைக்குக் கணக்குப் பகுதிக்குப் பொறுப்பானவர் கையெழுத்து வேண்டும். அது அக்காவின் மேசைக்கு வந்தது.

ஒரு முறை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இத நீங்கதான எழுதினீங்க?”

‘நீங்க’. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் முதல் தடவை. யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

“சார் சொன்னாரு அக்கா…”

“‘நேர்ந்த குழப்பம்’னு எழுதியிருக்கீங்க. யாருக்கு நேர்ந்துச்சு? யாரால நேர்ந்துச்சு? அந்தம்மா எடைய எதுல போட்டாங்க, நம்ம திரை எதுல கேட்டுச்சு, பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. அவர் அதற்குள் கிடங்கின் பழைய பதிவுகளைத் திறந்துவிட்டார். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இருபது நிமிடம். விசைப்பலகையில் சத்தமே இல்லை. ஒரு வரியில் வந்து நின்றார். ‘எடை2’ காணாமல் போன வரி.

அவர் செய்த முதல் காரியம் மேலாளரிடம் போகாததுதான். மருத்துவமனையின் கருவிப் பிரிவுக்கு நேராகத் தொலைபேசி செய்தார். “குழந்தைகளுக்கு இந்த சாஃப்ட்வேர இந்த நிமிஷத்தோட நிறுத்திடுங்க. கையால கணக்குப் போடச் சொல்லுங்க. ஆமா, நான்தான் சொல்றேன். என் பேரையே எழுதிக்கோங்க.” தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். யாரைக் கேட்டுச் சொன்னார் என்று பிற்பாடு விளக்கம் கேட்டார்கள். ‘யாரையும் கேட்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்.

இதற்குள் விஷயம் பரவி, மாப்பிள்ளை வந்து நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை.

“அக்கா… ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். உங்க கையேடுல வால் பத்திப் படிச்சேன். ஆனா இங்க வாலே இல்லையே, அதனால…”

“உக்காருங்க மொதல்ல. தண்ணி குடிங்க.” வெந்நீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். “உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. பேருல இருந்ததையெல்லாம் அறுத்துட்டு உங்க கையில குடுத்தாங்க. நீங்க என்ன ஜோசியம் பாத்தா கண்டுபிடிப்பீங்க?”

அவர் போனதும், அந்த வரியை அச்செடுத்த தாளையும் என் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அக்கா எழுந்தார். என்னைப் பார்த்து, “வாங்க. நீங்களும் கேக்கணும்” என்றார். இன்னும் ‘நீங்க’தான்.

மேலாளரின் கண்ணாடி அறை. தாளை மேசைமேல் வைத்தார்.

“மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க. உக்காருங்க.”

“நின்னுக்கறேன் சார். ஒரே ஒரு கேள்வி. இங்க ‘எடை’ன்னு இருக்கு. எதுல எடை?”

மேலாளர் தாளைப் பார்த்தார். “கிலோ… கிராம்… கிலோதான?”

“சார், உங்களுக்கே தெரியல. எனக்கும் இதப் பாத்தா தெரியாது. அந்த மெஷினுக்கும் தெரியல. தெரிஞ்ச ஒரே ஆளு அந்த நர்ஸம்மா. அவங்க மேல தப்புன்னு எழுதியிருக்கோம்.”

“பாருங்க மேடம், குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுது. உள்ளுக்குள்ள நாம சரிபண்ணிக்கலாம்.”

“குழந்தைக்கு ஒண்ணும் ஆகாததுக்கு நாம காரணம் இல்லையே சார்? என் பேரு போட்டா அது என்னுது. பொய்க்குக் கீழ நான் என் பேர வெக்கறதா இல்ல.”

அறிக்கையை இரண்டாக மடித்து மேலாளரின் தேநீர்க் கோப்பையின் அடியில் செருகிவிட்டு வந்தார்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனோம். நான்கு மாடி ஏறி, குழந்தைகள் பிரிவின் வாசலில் விசாரித்தபோது அந்தச் செவிலி அங்கே இல்லை. எங்கள் முன்னறிக்கையை வைத்துக்கொண்டு அவரைப் பதிவேட்டு அறைக்கு மாற்றியிருந்தார்கள். வாசலை ஒட்டிய அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை குத்தியிருந்தது. பெயர் போட்டிருக்கவில்லை. ஆனால் ‘சென்ற வாரம் பணியிலிருந்த செவிலியின் அலகுக் குழப்பத்தால்’ என்று என்னுடைய தொடர் அப்படியே இருந்தது. எந்த வாரம், எந்தச் செவிலி என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். வந்து போகிற தாய்மார்களுக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அதை முழுக்கப் படித்தார்.

பதிவேட்டு அறை கீழ்த்தளத்தில். கோப்புகளுக்கு நடுவே ஒரு மேசை. முப்பத்தைந்து வயது இருக்கும் அந்தச் செவிலிக்கு. யார் என்று சொன்னதும் எழுந்திருக்கவில்லை.

“இப்ப எதுக்கு வந்தீங்க?”

“தப்பு எங்களுது சிஸ்டர். அத உங்ககிட்ட நேர்ல சொல்ல வந்தேன். அந்தக் கணக்கு என் பொறுப்புல இருக்கறது.”

“நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க.” குரல் நடுங்கியது, அழுகையில் அல்ல. “அந்த ஏழு நிமிஷம் எனக்குத் தூக்கத்துல ஓடுது. நம்பர் தப்புன்னு கை சொல்லுச்சு. மெஷின் தப்பாச் சொல்லுமான்னு என் கையத்தான் சந்தேகப்பட்டேன். கடைசில கேஸ் என் தலையில. என் வீட்டுக்காரரே கேக்கறாரு, ‘நெஜமாவே நீ தப்பாப் போடலையா?’ன்னு. பதினோரு வருஷ சர்வீஸ்.”

அக்கா நின்றுகொண்டே கேட்டார்.

“இத எழுதிக் குடுப்பீங்களா?” என்றார் செவிலி.

“குடுப்பேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

“என்னை நம்ப வேண்டாம் சிஸ்டர். தாள் வந்தா பாத்துக்கோங்க.”

தாள் வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரம் அக்கா செய்தது எனக்குத் தெரியும். மாமியாரை மறுபடி வாசலில் நிறுத்தினார், எவரிடமும் அனுமதி கேட்காமல். மாப்பிள்ளையையும் இன்னொருவரையும் கூட வைத்துக்கொண்டு, பதினோராயிரம் பெயர்களுக்கும் அலகைத் திருப்பி ஒட்டினார். புதிய தளத்தின் வழக்கப்படியே, அடிக்கோடு இல்லாமல், அலகைப் பெயரோடு சேர்த்து. “அவங்க ஊர் வழக்கத்துல வால் இருக்கக் கூடாதுன்னா இருக்க வேண்டாம். உடம்போட சேத்துத் தெச்சிடுங்க. அர்த்தம் போகக் கூடாது, அவ்வளவுதான்” என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். கையேட்டில் முப்பத்து மூன்றாவது பக்கம் வந்தது.

திருத்திய மென்பொருள் தயாரானது. அதை வெளியே அனுப்ப அக்காவின் கையெழுத்து வேண்டும். “மொதல்ல கடிதம் போகட்டும். அப்புறம் கையெழுத்து” என்றார். மேலாளர் புன்னகைத்தார், கெஞ்சினார், சம்பள உயர்வு மாதம் நெருங்குவதை நினைவூட்டினார். அக்கா அவரிடம் ஒவ்வொரு நாளும் கூடுதல் மரியாதையோடு பேசினார். கடைசியில் விஷயம் நிறுவனத் தலைவரிடம் போனது. அவர் ‘இதை நான் எதிர்க்கிறேன்’ என்ற அந்த இரண்டு வரி மடலைப் படித்தார். கடிதம் எழுதச் சொன்னார். மேலாளரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், பதவி உயர்வோடு. அதைக் கேட்டபோது அக்கா கால் வைக்கிற பழைய அச்சுப்பொறியை ஓங்கி ஒரு உதை விட்டார். அதன் பக்கவாட்டு மூடி உடைந்தது. நிஜமான கோபத்தில் அவர் கத்தி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். “தப்புப் பண்ணவனுக்கு மேல் மாடி, காப்பாத்துனவளுக்குக் கீழ் ரூமா?”

கடிதத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. முதல் வரைவில் ‘தள மாற்றத்தின்போது சில பெயரிடல் முரண்கள் ஏற்பட்டதன் விளைவாக’ என்று தொடங்கினேன். பழக்கம் போகாதே.

“ஏற்பட்டதா?” என்றார். “அது என்ன மழையா, தானா ஏற்பட? யாரு பண்ணது?”

“நாம, அக்கா.”

“அப்ப அத எழுதுங்க.”

இரண்டாவது வரைவில் ‘நீக்கப்பட்டது’ என்று ஒரு சொல் இருந்தது. சிவப்பு மையால் வட்டம் போட்டார். “யாரால?” மூன்றாவது வரைவில் ‘வருந்தத்தக்க’ என்பதை அடித்தார். “வருத்தம் நம்ம பாடு. அவங்களுக்கு உண்மை போதும்.” நான்காவது தடவை மிஞ்சியது ஐந்து வாக்கியம்தான்.

‘குழந்தைகள் பிரிவில் தவறான வேகத்தைக் காட்டியது எங்கள் மென்பொருள். எடை எந்த அலகில் என்பதைக் காட்டும் சொல்லை நாங்கள் நீக்கினோம். அதைத் தடுக்கும் கருவியையும் நாங்களே நிறுத்தினோம். பணியிலிருந்த செவிலி சரியான எடையைச் சரியான அலகில் உள்ளிட்டார். பிழையைக் கண்டுபிடித்ததும் மருந்தை நிறுத்தியதும் அவர்தான்.’

நிறுவனத் தலைவரின் கையெழுத்து மேலே, அக்காவின் கையெழுத்து கீழே. “இப்ப சரி. நல்லா எழுதியிருக்க தம்பி” என்றார். ‘இருக்க’. ஐந்து வாரத்துக்குப் பிறகு ‘நீங்க’ போயிருந்தது. அதற்குள் அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தபாலில் அனுப்பினால் போதும் என்று தலைவரின் உதவியாளர் சொல்லியிருந்தார். “தபால்ல போனா கோப்புல படுத்துக்கும்” என்று அக்கா பேருந்து ஏறினார். நானும் ஏறினேன்.

மருத்துவமனையின் மேற்பார்வையாளர் கடிதத்தை வாங்கிப் படித்து, முத்திரை குத்தி, பிரதி எடுத்துக்கொண்டார். செவிலியை அன்றைக்கே குழந்தைகள் பிரிவுக்குத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். ஏற்கெனவே போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. ஆள் பற்றாக்குறையில் இரண்டு நாள் முன்பே கூப்பிட்டுக்கொண்டார்களாம். அதைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

“கடிதத்த வெச்சிட்டுப் போங்க மேடம். போர்டுல நாங்க போட்டுக்கறோம்” என்றார் மேற்பார்வையாளர்.

“சிரமம் வேண்டாங்க. நானே போட்டுடறேன்.”

மரியாதை கூடியிருந்தது. மேற்பார்வையாளருக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும், ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

நான்கு மாடி ஏறினோம். பலகையில் அந்தச் சுற்றறிக்கை இன்னும் இருந்தது, ஐந்து வாரத்தில் ஓரங்கள் சுருண்டு. மேலே ஒரே ஒரு ஊசியில் தொங்கியது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, அந்தச் செவிலி குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. அக்காவும் கூப்பிடவில்லை.

பலகை அவருக்கு எட்டவில்லை. சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். நான் பிடித்துக்கொண்டேன். சுற்றறிக்கையை உருவி என் கையில் கொடுத்தார். கடிதத்தை நடுவில் வைத்தார். அந்த ஒரு ஊசியைக் குத்தினார். பிறகு பக்கத்தில் இருந்த காலாவதியான அறிவிப்புகளிலிருந்து மூன்று ஊசிகளைப் பிடுங்கி, மற்ற மூன்று மூலைகளிலும் வைத்து, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தினார். ஊசிகள் ஏற்கெனவே முழுக்க உள்ளே போயிருந்தன. அவர் விரலை எடுக்கவில்லை. நகம் வெளுத்துப் போகும்வரை அழுத்திக்கொண்டே நின்றார்.